குளித்துவிட்டாள், துணியையும் ஊறப்போட்டுவிட்டாள். இனிமேல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பயனுண்டா?

மாடிவீடு:
என் ரூம்மேட்டுக்குப் பாலியல் வன்கொடுமை நடந்தது. சனிக்கிழமை இரவு. அவளோடு வேலை பார்ப்பவன்தான். இன்று திங்கள் மாலை. அன்று வந்ததும் குளியலறைக்குள் போனவள் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. சுடிதாரை வாளியில் சோப்புத்தூள் போட்டு ஊற வைத்திருந்தாள். நான்தான் அலசாமல் எடுத்துக் கொடியில் போட்டேன், ஏனென்று எனக்கே தெரியவில்லை. இன்று காலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். "முதல்ல போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டு வாங்க" என்று வரவேற்பிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளுக்குப் போலீஸ் வேண்டாம். அம்மாவுக்குத் தெரிந்தால் செத்துவிடுவேன் என்கிறாள். திருச்சியில் இருக்கிறோம்.

பழைய சிஸ்டர்:
26 வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன். கிளம்பு மா, மிச்சத்தை ஆட்டோவில் படி. ஜிஎச் கேஷுவாலிட்டிக்கே போ. எச்ஐவி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் அங்கேயே கேள். மெடிக்கல் மெடிக்கலாக ஏறி இறங்காதே, நம் பக்கம் பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

அந்த ஆஸ்பத்திரி செய்தது தப்பு. அரசோ தனியாரோ, உடனே இலவசமாகப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். போலீஸுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போகும், அதை உன்னிடம் மறைக்கவில்லை. ஆனால் புகார் வேண்டாமென்றால் அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அதற்காகச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. பரிசோதனையிலும் இது சரி, இது வேண்டாம் என்று அவள் சொல்லலாம். உடலுறவுக்குப் பழகியவளா என்று உள்ளே விரல் விட்டுப் பார்க்கும் இரண்டு விரல் பரிசோதனையை யாராவது ஆரம்பித்தால் மறுத்துவிடு. அதைச் செய்வதே முறைகேடு என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று.

குளித்துவிட்டாலும் மாதிரி எடுப்பார்கள். சுடிதார் காய்ந்திருந்தால் காகிதத்தில் சுற்று, பிளாஸ்டிக் பை வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். அப்புறம், செத்துவிடுவேன் என்றதைப் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. ராத்திரி கூடவே படு. 14416 மனநல உதவி எண், எந்நேரமும் பேசலாம்.

புளியமரம்:
எனக்கு நடந்து 3 வருஷம் ஆகிறது. நான் பெண்கள் உதவி எண் 181க்குத்தான் போன் போட்டேன். பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் அரசின் சகி மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த அக்கா முதலில் கேட்டது, "சாப்டியா?" 5 நாள் வரை தங்கலாம். வக்கீல், கவுன்சலிங் எதற்கும் காசு இல்லை. நானும் அப்போது புகார் கொடுக்கவில்லை, எட்டு மாதம் கழித்துத்தான் கொடுத்தேன். அன்று ஆஸ்பத்திரியில் எழுதிய தாள்தான் கைகொடுத்தது. அவள் பெயரை யாரும் வெளியிடக் கூடாது, வெளியிட்டால் அவர்கள் மேலேயே வழக்கு வரும். இதை அவளிடம் முதலில் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும். "ஏன் அவனோட போனே?" என்று கேட்டுவிடாதீர்கள். என் தோழி ஒருத்தி கேட்டாள். அதோடு அவளிடம் எதையும் சொல்வதை விட்டுவிட்டேன்.

மாடிவீடு:
ஜிஎச்சில்தான் இருக்கிறோம். மாத்திரை கொடுத்துவிட்டார்கள். பெண் டாக்டர், ஒவ்வொன்றுக்கும் கேட்டுக் கேட்டுத்தான் தொட்டார். போலீஸ் இப்போதைக்கு வேண்டாம் என்று அவளே எழுதிக் கொடுத்தாள். டீ வாங்கி வந்தேன், பாதி குடித்திருக்கிறாள். 181க்குக் காலையில் போன் செய்யலாமா என்று அவளாகவே கேட்டாள்.