வேலிக்கு ஒரு பக்கம் புல்லு, மறுபக்கம் புதர்: ரெயின்டீர் சாணம்தான் காரணமா?

கிடைக்காரன்:
வடக்கு நார்வேல ஃபின்மார்க் பக்கம் ரெயின்டீர் (பனிப்பிரதேச மான்) வேலி ஒன்னோட ஃபோட்டோ பாத்தேன். ஒரு பக்கம் பச்சப்பசேல்னு புல்லு, மறுபக்கம் குட்டைப் புதரும் சாம்பல் கலர் லைக்கனும் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வளர்ற ஒன்னு). இதுல புல்லு இருக்கிற பக்கந்தான் கூட்டம் அதிகமா மேயுதாம். மேஞ்சா தரை மொட்டையால்ல ஆகணும்? எங்க ஊர்ல அறுப்பு முடிஞ்சதும் வயல்ல ஆட்டுக்கிடை போடுவாங்க, அதே மாதிரி புழுக்கையும் மூத்திரமும் பண்ற வேலையா, இல்ல வேற ஏதாச்சும் இருக்கா?

மண்வாசி:
சாணம் பாதிதான் ப்ரோ. டன்ட்ரா (மரமே இல்லாத குளிர்ப் பிரதேசம்) மண்ணுல நைட்ரஜன் இல்லாம இல்ல, நிறையவே கிடக்கு, ஆனா குளிர்ல எதுவும் மக்காததால செடிக்குக் கிடைக்காத மாதிரி பூட்டிக் கிடக்கு. அதுக்கு மேல பாசி வேற போர்வை மாதிரி கனமா மூடியிருக்கும், கோடை வெயில் கீழ இறங்கவே விடாது. கூட்டம் கூட்டமா ரெயின்டீர் மிதிச்சு அந்தப் போர்வைய நசுக்குச்சுன்னா மண்ணு கொஞ்சம் சூடாகும், நுண்ணுயிருங்க வேலைய ஆரம்பிக்கும், நைட்ரஜன் வெளிய வரும். புல்லுக்கு குருத்து அடியில இருக்கிறதால கடிச்சாலும் மறுபடி துளிர்க்கும், புதருக்கு அந்த வசதி இல்ல. அங்க எம்பெட்ரம்னு ஒரு குட்டைச் செடி உண்டு, அதோட இலைல இருக்கிற ஃபீனால்ங்கிற வேதிச் சரக்கால அது லேசுல மக்காது, அது போய் புல்லு வந்துட்டா சருகு சீக்கிரம் மக்கி சத்து வேகமா சுத்த ஆரம்பிச்சிடும். சாணத்தையும் குறைச்சு சொல்லல, நார்வேக்கு வடக்க இருக்கிற ஸ்வால்பார்டு தீவுல சாணத்த மட்டும் கூடுதலா போட்டு பாத்ததுலயே புல்லு ஏறி பாசி கனம் குறைஞ்சுது.

வடதுருவத்தான்:
நான் நோர்வேயில வடக்கில இருக்கிறன். அந்த வேலி ஏன் எண்டதையும் சொல்லோணும். கோடையில கரைப்பக்கம், மாரியில உள்நாடு, இப்பிடித்தான் சாமி ஆக்கள் மந்தையைக் கொண்டு திரியிறவை (சாமி எண்டா கடவுள் இல்லை, இங்கத்தைய பூர்வீகக் குடி!). மாரிச் சாப்பாடு லைக்கன். கோடையில அது காய்ஞ்சு அப்பளம் மாதிரி இருக்கும், குளம்பு பட்டா நொருங்கிப் போடும், பிறகு வளர கனகாலம் எடுக்கும். அதாலதான் மந்தை கோடையில உள்ளுக்க போகாம வேலி போட்டவை, அதே வேலியடியில மந்தை வந்து தேங்கி நிண்டு மிதிக்கிறதாலதான் நீங்கள் பார்த்த புல்லு.

உங்கட கிடைக்கு இங்க ஒரு சொந்தம் இருக்கு. முந்தி சாமி ஆக்கள் ரெயின்டியரைக் கட்டிவச்சு பால் கறந்த இடங்கள், கைவிட்டு நூறு வருசத்துக்கு மேல ஆகியும், சுத்திவர புதர்க்காடு நடுவில மட்டும் புல்லுத்தரையா அப்பிடியே கிடக்கு.

சந்தேகி:
உடனே எல்லாரும் மேய்ச்சல் நல்லதுன்னு கிளம்பிடாதீங்க 😅 பெரிங் கடல்ல செயின்ட் மேத்யூ தீவுல 1944ல 29 ரெயின்டீர விட்டாங்க, 1963ல சுமார் 6000 ஆச்சு, லைக்கன மொத்தமா வழிச்சிடுச்சுங்க, ஒரு மோசமான குளிர்காலம் வந்துச்சு, 1966ல எண்ணும்போது 42 தான். கனடா ஹட்சன் விரிகுடா ஓரத்துல பனிவாத்துங்க கதை இன்னும் மோசம். அளவா மேஞ்சப்ப எச்சத்தால கரையோரப் புல்லு நல்லா வந்துச்சு, அப்புறம் தெற்க விவசாய நிலத்துல தானியம் தின்னு வாத்து எண்ணிக்கை எகிறி, வேரோட பிடுங்க ஆரம்பிச்சதும் மண்ணு வெறிச்சுன்னு ஆகி அடியில இருந்த உப்பு மேல ஏறிடுச்சு, அப்புறம் அங்க பல இடத்துல புல்லு லேசுல திரும்பி வரல.

மண்வாசி:
கரெக்ட், எவ்வளவு, எந்த மாசம், எந்த மண்ணுன்னு பாக்கணும். கிரீன்லாந்து கேங்கர்லுசுவாக்ல பூமி சூடானா செடி என்னாகும்னு பாக்க சின்னச் சின்ன இடத்த செயற்கையா சூடாக்கி பாத்தாங்க, விலங்கு வராம வேலி போட்ட இடத்துல வில்லோ, பர்ச்ங்கிற புதருங்க குபுகுபுன்னு ஏறுச்சு, மஸ்க் ஆக்ஸும் (சடை முடி வச்ச மாடு மாதிரி விலங்கு) கேரிபூவும் (காட்டு ரெயின்டீர்) மேஞ்ச இடத்துல அந்த அளவு ஏறல.

கிடைக்காரன்:
பாசி போர்வை மேட்டர் எனக்கு தோணவே இல்ல, நான் சாணத்தையே பிடிச்சுட்டு இருந்தேன். வடதுருவத்தான் அண்ணே, அந்தப் பால் கறந்த இடம் பக்கம் போனா ஒரு ஃபோட்டோ எடுத்துப் போடுங்க.