சிஜிபிஏ (மொத்த மதிப்பெண் சராசரி) 4-க்கு 3.8, ஆனாலும் இன்டர்ன்ஷிப் நேர்காணல் வரவில்லை

கேள்வி: அண்ணன்மாரே, கோலாலம்பூரில் கணக்கியல் மூன்றாம் ஆண்டு. 40 ஆடிட் நிறுவனங்களுக்கு ரெஸ்யூமே அனுப்பியும் ஓர் அழைப்புகூட இல்லை. எங்கே கோளாறு?

பதில் 1: எப்போது அனுப்பினீர்கள் தம்பி? இங்கே பல கம்பெனிகளுக்கு டிசம்பர் 31-இல் கணக்கு முடியும். ஆடிட் நெரிசல் ஜனவரியிலிருந்து. செப்டம்பரிலேயே அனுப்பிவிடுங்கள். மின்னஞ்சல் தலைப்பிலேயே தேதி வேண்டும்: ‘இன்டர்ன், 5 ஜனவரி – 24 ஏப்ரல், 16 வாரம்’. தேதி தெரியாத ஆளை எந்த வேலைக்கும் ஒதுக்க முடியாது.

பதில் 2: மதிப்பெண்ணுக்கு ஒரு வரி போதும். எஸ்கியூஎல் அக்கவுண்ட், ஆட்டோகவுண்ட் போன்ற கணக்கு மென்பொருள்கள் தெரியுமா? எக்செல்லில் வங்கி அறிக்கையை ரொக்க ஏட்டோடு ஒப்பிட்டு, இன்னும் பணமாகாத காசோலைகளைப் பிரித்தெடுக்க வருமா? அதை மேலே போடுங்கள். ‘கடின உழைப்பாளி’யை வெட்டிவிடுங்கள்.

பதில் 3: பெரிய நான்கு ஆடிட் நிறுவனங்களை (டெலாய்ட், பிடபிள்யூசி, இஒய், கேபிஎம்ஜி) மட்டும் நம்பாதீர்கள். சின்ன ஆடிட் அலுவலகத்தில் வவுச்சரிலிருந்து வரிக்கணக்கு வரை கைபடும். அனுப்பி ஒரு வாரத்தில் போன் போட்டுக் கேளுங்கள்.