3 வயசுப் பாப்பாவுக்கு ராத்திரியானா முதுகுவலி, இப்பக் காலும் இழுக்குது

கோபிச்செட்டிபாளையம் பக்கம் இருக்கோமுங்க. பொண்ணுக்கு மூணே கால் வயசு. ரெண்டரை மாசமா ராத்திரி 2 மணி வாக்குல "முதுகு, முதுகு"ன்னு அழுதுட்டே எந்திரிக்கிறா. தூக்கி உக்கார வெச்சா அடங்குது, படுக்க வெச்சா மறுபடியும் அழுகை. பகல்ல விளையாடறதால முதல்ல பெருசா எடுத்துக்கல.

பந்து கீழ விழுந்தா குனியறதே இல்லைங்க. முதுகை விறைப்பா வெச்சுக்கிட்டு, முட்டியை மடக்கி உக்காந்துதான் எடுக்கறா. தலை இடது பக்கமே சாஞ்சிருக்கு. 3 வாரமா வலது கால் இழுக்குது. ராத்திரி படுக்கையில ஒண்ணுக்குப் போறது நின்னு 6 மாசமாச்சு, போன வாரத்துல இருந்து திரும்ப ஆரம்பிச்சிருக்கு. மலச்சிக்கலும் இருக்கு. காய்ச்சல் இல்லை, எங்கயும் விழுகல.

முதல்ல காட்டின டாக்டர் வளர்ற வலின்னு சிரப் குடுத்தார். பூச்சி மருந்தும் குடுத்தாச்சு. அம்மாயி சுளுக்குன்னு கூட்டிட்டுப் போய் உருவி விட்டாங்க, அன்னைக்கு ராத்திரி பூராவும் அழுதா. இனி அதைச் செய்யவே மாட்டோம். ஈரோட்டுல எக்ஸ்ரே எடுத்தோம், நார்மல். நேத்துப் பாத்த இன்னொரு டாக்டர்தான், தண்டுவடத்துல கட்டி இருந்தா எக்ஸ்ரேல தெரியாமப் போகலாம், காலும் ஒண்ணுக்கும் மாறினதால எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடாதீங்கன்னு எழுதிக் குடுத்தார். குழந்தை அசையாம இருக்க மயக்கம் குடுக்கோணுமாம்.

விடியக்காலம் கோயமுத்தூர் கிளம்பறோம். மயக்கம் குடுத்து முழு முதுகுத்தண்டுக்கும் அன்னைக்கே எம்.ஆர்.ஐ. எடுத்து, குழந்தைகளோட நரம்பு அறுவை டாக்டரும் அங்கயே பாக்கற ஆஸ்பத்திரி எதுங்க?