மறு: நரம்பு 'மீளுருவாக்கம்' – ஒரே சொல் போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

அறுபட்ட நரம்பு மறுபடி வளர்வதற்கு (regeneration) தமிழில் தனிச்சொல் வேண்டும் என்று நான் கேட்டதற்கு வந்த பதில் இது:

> மீளுருவாக்கம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பாடநூலில் இழப்பு மீட்டல் வேறு இருக்கிறது. மூன்றாவதாக ஒன்று எதற்கு?

இதே கேள்வியை நானும் கேட்டிருப்பேன், ஐயா. லண்டன் நரம்பியலாளர் ஜெஃப்ரி ரெய்ஸ்மனின் ஆய்வுகளைத் தமிழில் அறிமுகப்படுத்த உட்கார்ந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. அவர் வாழ்நாளில் கையாண்டவை மூன்று வெவ்வேறு நிகழ்வுகள். என் முதல் வரைவில் மூன்றுக்குமே மீளுருவாக்கம் என்று எழுதியிருந்தேன். திரும்பப் படித்தால் எனக்கே எது எது என்று விளங்கவில்லை.

முதலாவது, 1969. எலி மூளையில் ஓரிடத்துக்கு இரண்டு பக்கமிருந்து நரம்பிழைகள் வருகின்றன. ஒரு பக்கத்தை வெட்டினார். காலியான இணைப்புகளில் மறுபக்கத்து இழைகள் வந்து குடியேறியதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். வெட்டுப்பட்ட இழை அங்கே வளரவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கிளை விட்டிருக்கிறார், அவ்வளவுதான். வளர்ந்த மூளை மாறாது என்று நம்பியிருந்த காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது, மூக்கு. நுகர்ச்சி நரம்பணுக்கள் வாழ்நாள் முழுக்கச் செத்துக்கொண்டே இருக்கின்றன. அங்குள்ள குருத்தணுக்களிலிருந்து (stem cells) புதியவை பிறக்கின்றன. புதிதாகப் பிறந்தவற்றின் இழைகள் மூளைக்குள் நுழைய, அவற்றைச் சுற்றி உறைபோல் நின்று வழிவிடும் உறையணுக்களைத்தான் (ensheathing cells) ரெய்ஸ்மன் 1985 வாக்கில் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது, தண்டுவடம். அறுபட்ட ஆக்சான், அதாவது நரம்பணுவின் நீண்ட இழை, செல் உடல் இருக்கும் பக்கத்து முனையிலிருந்து மறுபடி நீள்வது. 1997இல் அவர் குழு எலித் தண்டுவடத்தில் அந்த உறையணுக்களை வைத்து இதைக் காட்டியது. 2012இல் போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் நகரில் பவெல் தபாக்கோவ் குழு, கத்திக்குத்தில் தண்டுவடம் அறுந்த ஒருவருக்கு, அவருடைய மூளையில் மணத்தை வாங்கும் பகுதியான நுகர்ச்சிக் குமிழிலிருந்தே எடுத்து வளர்த்த, உறையணுக்கள் அடங்கிய செல்களை ஊசியால் செலுத்தியது. கணுக்காலிலிருந்து எடுத்த நரம்புத் துண்டுகள் 8 மில்லிமீட்டர் இடைவெளிக்குப் பாலம். பின்னர் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அந்த நோயாளி நடந்தார். ஒரே ஒரு நோயாளி, அவசரப்படாதீர்கள் என்று சொன்ன நரம்பியலாளர்களும் உண்டு. அவர்கள் சொன்னதும் நியாயம்தான்.

ஆக, செல் புதிதாகப் பிறப்பது 'நரம்பணுப் பிறப்பு'. காயம்படாத இழை கிளைப்பது 'பக்கக் கிளைப்பு'. இவை இரண்டிலும் எனக்குத் தயக்கமில்லை. அறுபட்டது வளர்வதற்குத்தான் சொல் வேண்டும். இங்கே எதுவும் 'உருவாக்க'ப்படவில்லை, செல் பழையதுதான்.

கரும்பு வெட்டியபின் கட்டையிலிருந்து வருவதை மறுதாம்பு என்கிறோம். வெட்டிய கழி போய்விடும், வேரோடு நிற்கும் கட்டை தழைக்கும். ஆக்சானிலும் செல் உடலிலிருந்து பிரிந்த துண்டு சிதைந்துவிடுகிறது, மிச்சமிருப்பது நீள்கிறது. உவமை இவ்வளவு பொருந்துவது அபூர்வம். ஆனால் 'ஆக்சான் மறுதாம்பு' என்று மருத்துவக் கட்டுரையில் எழுத என் கையே கூசுகிறது. அதனால் 'மறுதழைப்பு' என்று முன்வைக்கிறேன். 'ஆக்சான் மறுபடி தழைத்தது' என்று வினையாகவும் தடையில்லாமல் வரும்.

> துளிர்ப்பு இன்னும் எளிது அல்லவா?

எளிதுதான். ஆனால் துளிர் என்றால் பக்கக் கிளைப்பும் நினைவுக்கு வரும். பழைய குழப்பம் திரும்ப வந்துவிடும்.

அப்புறம், குருத்தணுவைத் 'தண்டுச்செல்' என்று எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'தண்டுவடத்தில் தண்டுச்செல் சிகிச்சை' என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். தண்டுவடத்தின் செல் என்றுதான் யாரும் படிப்பார்கள்.

உறையணு என்பதில் மட்டும் எனக்கு இன்னும் நிறைவில்லை. உறை போடுவது தெரிகிறது, வழிவிடுவது தெரியவில்லை. வேறு தோன்றினால் எழுதுங்கள். கரும்பு, நெல் வைத்திருப்பவர்கள் குழுவில் இருந்தால், வெட்டிய கட்டை மறுபடி தழைப்பதற்கு உங்கள் பக்கம் வேறு சொல் புழங்குகிறதா என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்.