மகன் கூப்பிட்ட ஆட்டமா, அப்பா போட்ட வேலியா? அயோவா ஆஃபன்ஸ் பஞ்சாயத்து

சோளக்காட்டுக்காரன்:
2024 சீசனின் கடைசி ஆட்டமான மியூசிக் சிட்டி பவுலில் நம் அயோவா பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணி மிசூரியிடம் 27–24 என்று தோற்றது. அதற்காக ஒப்பாரி வைக்க இந்த இழையைத் தொடங்கவில்லை. "24 அடித்தும் தோற்றுவிட்டோம்" என்று புலம்பும் பாக்கியம் அயோவா ரசிகனுக்கு எப்போது கிடைத்தது? 2023-இல் 14 ஆட்டங்களில் மொத்தமே 216 புள்ளி. சராசரி 15.4. புது ஆஃபன்ஸ் (பந்தை வைத்துப் புள்ளி அடிக்கும் பக்கம்) கோச் டிம் லெஸ்டர் வந்த முதல் சீசனான 2024-இல், ஓர் ஆட்டம் குறைவாக ஆடியும் 360. அதாவது முந்தைய ஆஃபன்ஸ் கோச் பிரையன் ஃபெரென்ஸுக்கு இலக்காக வைத்த அந்தப் புகழ்பெற்ற 325-ஐ லெஸ்டர் சத்தமில்லாமல் தாண்டிவிட்டார். ஹெட் கோச் அதே கிர்க் ஃபெரென்ஸ். ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் அதே ஆட்கள். மாறியது ப்ளே கூப்பிடுகிறவர், அதாவது ஒவ்வொரு முறையும் எந்த உத்தி என்று முடிவு செய்கிறவர்தான். இதற்கு மேலும் பிரையனுக்கு வக்காலத்து வாங்க ஆள் இருந்தால் வரலாம்.

குழப்பவாதி:
மன்னிக்கணும், நான் காலேஜ் ஃபுட்பாலுக்குப் புதுசு. 325ன்னா என்ன? அப்பா ஹெட் கோச், மகன் ஆஃபன்ஸ் கோச்சா? இது எப்படி நடந்துச்சு?

செல்வி_டெமாய்ன்:
சுருக்கமா சொல்றேன். கிர்க் 1999ல இருந்து ஹெட் கோச். மகன் பிரையன் 2012ல ஆஃபன்சிவ் லைன் கோச்சா வந்து, 2017ல ஆஃபன்சிவ் கோஆர்டினேட்டர் ஆனார். உறவினருக்குக் கீழே உறவினர் வேலை பார்க்கக் கூடாதுன்னு பல்கலைக்கழக விதி இருக்கறதால, காகிதத்துல பிரையனுக்கு மேலதிகாரி அப்பா இல்ல, அத்லெடிக் டைரக்டர் கேரி பார்ட்டா. 2022ல ஆஃபன்ஸ் படுத்த படுக்கையா கிடந்ததும், 2023 பிப்ரவரியில ஒப்பந்தத்தைத் திருத்தினாங்க. சம்பளம் 9 லட்சம் டாலர்ல இருந்து 8.5 லட்சம். அதோட ரெண்டு நிபந்தனை: குறைஞ்சது 7 வெற்றி, ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி. 13 ஆட்டம்னா 325.

வேடிக்கை என்னன்னா, அந்த 325ல எதிரணியைத் தடுக்கிற டிஃபன்ஸ் பந்தைப் பறிச்சு ஓடி அடிக்கிற டச் டவுனும் சேரும், எதிரணி தூர உதைச்ச பந்தைத் திருப்பி ஓடி அடிக்கிற பன்ட் ரிட்டர்னும் சேரும், எதிரணியை அதோட எண்ட் ஜோன்லயே மடக்கி எடுக்கிற 2 புள்ளி சேஃப்டியும் சேரும். ஆஃபன்ஸ் கோச்சுக்கு வெச்ச பரிட்சையை டிஃபன்ஸ் எழுதிக் கொடுக்கலாம்! அப்படியும் தேறல. பார்ட்டா ஓய்வு பெற்ற பிறகு பொறுப்புக்கு வந்த பெத் கோட்ஸ், 2023 அக்டோபர் 30 அன்னிக்கு, சீசன் முடிஞ்சதும் பிரையன் தொடர மாட்டார்னு அறிவிச்சாங்க. அணி அப்போ 6 வெற்றி, 2 தோல்வி. ஜெயிச்சுட்டு இருக்கிற அணியோட கோச்சைப் பாதி சீசன்ல இப்படிச் சொல்றது அபூர்வம்.

பன்ட்டே துணை:
சோளக்காட்டு அண்ணே, ஒரு ஆளைப் போட்டுச் சாத்துறதுக்கு முன்னாடி கணக்கை முழுசா எடுங்க. 2017 நவம்பர்ல கின்னிக் ஸ்டேடியத்துல ஒஹையோ ஸ்டேட்டை 55–24னு துவைச்சோமே, அன்னிக்கு ப்ளே கூப்பிட்டது யாரு? இதே பிரையன். அந்த வேலையில அவருக்கு முதல் சீசன் வேற. 2018ல டி.ஜே. ஹாக்கென்சன், நோவா ஃபேன்ட்னு ரெண்டு டைட் எண்ட் (எதிரணியைத் தடுக்கவும் செய்வாங்க, பாஸும் பிடிப்பாங்க). ரெண்டு பேருமே தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கிற அடுத்த என்எஃப்எல் டிராஃப்ட்ல முதல் ரவுண்டு. அந்த வருஷமும் சரி, 2020லயும் சரி, சராசரி 30க்கு மேல. கையில ஆள் இருந்தப்போ அடிச்சுக் காட்டினவர்தானே?

2023ல என்ன இருந்துச்சு? மிச்சிகன்ல இருந்து வந்த குவார்ட்டர்பேக் (பந்தை எறியறவர்) கேட் மெக்நமாரா செப்டம்பர் முடியறதுக்குள்ள முழங்கால் போய் உட்கார்ந்துட்டார். அடிபட்டு டைட் எண்ட் லூக் லாச்சி போனார், அடுத்து எரிக் ஆல் போனார். குவார்ட்டர்பேக்கா மிச்சம் டீக்கன் ஹில். அவர் எறிஞ்சதுல பாதி கூட ஆள் கைக்குப் போகல. பென் ஸ்டேட்டோட நாலு ஃபம்பிள் விட்டோம், கையில இருந்த பந்தை நழுவவிட்டு அவங்ககிட்ட கொடுத்தோம். ஃபம்பிள் விடுன்னு பிரையன் ப்ளே ஷீட்ல எழுதியிருந்தாரா? இத்தனைக்கும் அந்த வருஷம் 10 வெற்றி, நம்ம லீக் பிக் டென்ல வெஸ்ட் டிவிஷன் பட்டம். அதையும் கொஞ்சம் சொல்லுங்க.

சோளக்காட்டுக்காரன்:
10 வெற்றியைச் சொல்கிறேன், கூடவே 4 தோல்வியையும் சொல்கிறேன். பென் ஸ்டேட் 31–0. பட்டப் போட்டியில் மிச்சிகன் 26–0. புத்தாண்டு அன்று சிட்ரஸ் பவுலில் டென்னசி 35–0. மூன்று பெரிய அணிகள், 92–0. பென் ஸ்டேட்டோடு முழு ஆட்டத்துக்கும் 76 யார்டு, 4 ஃபர்ஸ்ட் டவுன் (ஒவ்வொரு முயற்சியும் ஒரு டவுன்; நாலு முயற்சிக்குள் 10 யார்டு கடந்தால் மறுபடி ஃபர்ஸ்ட் டவுன்). நாலு ஃபம்பிள் என்கிறீர்கள், சரி. மற்ற முறைகள் பந்து கையில் இருந்தபோது என்ன கிழித்தோம்?

காயம் என்ற சாக்கு 2023-க்குத்தான் செல்லும். மொத்த யார்டு கணக்கில் 2021-இல் 130 அணிகளில் 121-ஆவது. 2022-இல் 131-இல் 130-ஆவது. 2023-இல் 133-இல் கடைசி. மூன்று வருடமும் ஒரே திசை. முதல் டவுனில் நடுவில் ஓட்டம், இரண்டாவது டவுனில் அதே ஓட்டம், மூன்றாவது டவுனில் 8 யார்டு தேவை என்றால் 4 யார்டில் நிற்பவனுக்குப் பாஸ். சோபாவில் உட்கார்ந்திருக்கும் நானே அடுத்த ப்ளேயைச் சொல்கிறேன். எதிரணி டிஃபன்ஸின் நடுவில் நிற்கும் லைன்பேக்கருக்குத் தெரியாதா?

செல்வி_டெமாய்ன்:
ரெண்டு பேருமே மகனைச் சுத்திச் சுத்தி வர்றீங்க, அப்பாவைத் தொடவே மாட்டேங்கறீங்க.

கிர்க்கோட கணக்கு என்ன? ஃபில் பார்க்கரோட டிஃபன்ஸ் 2023ல ஆட்டத்துக்குச் சராசரி 15 புள்ளிக்கும் குறைவாத்தான் கொடுத்துச்சு. அந்த வருஷம் நாட்டிலேயே சிறந்த துணைக் கோச்சுக்கான பிராய்ல்ஸ் விருதும் பார்க்கருக்குத்தான். பன்ட் அடிக்க மெல்போர்ன்ல இருந்து வந்த டோரி டெய்லர். ஒரே சீசன்ல 4,479 யார்டு பன்ட், 1938ல இருந்து நின்ன சாதனையை உடைச்சார். இப்படி ரெண்டு ஆயுதம் கையில இருந்தா, பந்தை இழக்காம இருந்தாலே போதும்னு ஒரு ஹெட் கோச்சுக்குத் தோணும். எதிரணியை அதோட 10 யார்டு கோட்டுக்குள்ள அடைச்சுட்டு அவங்க தப்புக்குக் காத்திருக்கிறது. நார்த்வெஸ்டர்னை ரிக்லி ஃபீல்டுல 10–7, இல்லினாயை 15–13, நெப்ராஸ்காவை 13–10னு ஜெயிச்சது எல்லாமே இந்தக் கணக்குலதான்.

அதனால ப்ளே கூப்பிடுறவருக்கு முதல் கட்டளையே "தப்பு பண்ணாதே". அந்த வேலிக்குள்ள நின்னு கூப்பிடுறவர் பிரையனா இருந்தா என்ன, வேற யாரா இருந்தா என்ன? அவருக்கு முன்னாடி கிரெக் டேவிஸ் இருந்தப்பவும் ஷார்ட் பாஸ் ஷார்ட் பாஸ்னு இதே புலம்பல்தானே? ஆனா 92–0 வந்த இடமும் இதேதான். டிஃபன்ஸை மீறி அடிக்கத் தெரிஞ்ச அணி எதிர்ல வந்து முதல்ல ரெண்டு டச் டவுன் போட்டுட்டா, துரத்திப் பிடிக்க நம்மகிட்ட ஒண்ணுமே கிடையாது.

மூன்றாவது டவுன்:
செல்வி அக்கா சொல்வதில் முக்கால்வாசி சரி. அந்தக் கால்வாசியில்தான் எனக்குச் சண்டை. லெஸ்டரும் அதே வேலிக்குள்தான் வந்தார், அவரும் ஓட்டத்தைத்தான் நம்பினார். அடிப்படை ப்ளேகூட பக்கவாட்டில் விரிந்து சந்து தேடி ஓடும் பழைய அவுட்சைட் ஜோன்தான். ஆனால் பந்து கை மாறுவதற்கு முன் ஆட்களை நகர்த்தினார். டைட் எண்ட் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவார், ரிசீவர் குறுக்கே ஓடுவார். லைன்பேக்கர் அதைப் பார்த்து ஒரு அடி தவறான பக்கம் வைத்தால் போதும், ஜோன் ஓட்டத்தில் சந்து திறந்துவிடும். பிரையன் காலத்தில் நகர்த்தலே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் அது பெரும்பாலும் சும்மா நகர்ந்தது. அதைப் பார்த்து எவனும் ஏமாறவில்லை.

விளைவு: 2024-இல் ஓட்டக்காரர் கேலப் ஜான்சன் 1,537 யார்டு, ஓட்டத்திலேயே 21 டச் டவுன். விஸ்கான்சினை 42–10. இதே கேலப் 2023-இலும் நம் அணியில்தான் இருந்தார், 500 யார்டு கூடத் தொடவில்லை. அப்பாவின் கொள்கையில் ஒரு வரிகூட மாறாமல் இவ்வளவு எடுக்க முடிந்ததென்றால், வேலி மட்டுமே காரணம் என்று எப்படிச் சொல்வது?

பன்ட்டே துணை:
கேலப் 2023ல கணுக்கால் அடிபட்டுச் சில ஆட்டம் வெளியில இருந்தார், அதை வசதியா விட்டுட்டீங்க தம்பி. 2024லயும் பாஸிங் நாட்டோட கடைசி வரிசைலதான் கிடந்துச்சு. நெப்ராஸ்காவோட 2023ல 13–10, 2024லயும் அதே 13–10, ரெண்டும் கடைசி உதையில. யூசிஎல்ஏகிட்ட 17 அடிச்சுத் தோத்தோம். கேலபைக் கட்டிப்போட்ட அன்னிக்கு லெஸ்டரும் பிரையன்தான். கேலப் என்எஃப்எல்லுக்குக் கிளம்பியாச்சு. அடுத்த வருஷம் இந்த இழையை மறுபடி மேல தள்ளுறேன், ஓடிடாதீங்க.

இன்னொண்ணு. 2023ல மினசோட்டாவோட 12–10ல பின்தங்கி இருந்தப்போ கூப்பர் டிஜீன் 54 யார்டு பன்ட் ரிட்டர்ன் அடிச்சாரே, கையை ஆட்டினது செல்லாத ஃபேர் கேட்ச் (பிடிச்ச இடத்துலயே நிப்பேன்னு காட்டுறது) சைகைன்னு அதை ரத்து பண்ணாங்களே! அந்த நடுவர் முடிவு இல்லேன்னா 11 வெற்றி. கோட்ஸ் அம்மா ஒன்பதே நாள்ல அந்த அறிவிப்பை வெளியிட்டிருப்பாங்களான்னு சந்தேகம்தான்.

சோளக்காட்டுக்காரன்:
அண்ணே, உங்கள் வாதத்தை நீங்களே ஒரு முறை படியுங்கள். சொந்த மைதானத்தில் மினசோட்டாவைத் தாண்ட நமக்கு இருந்த ஒரே நம்பிக்கை, அவர்கள் பன்ட் அடித்து நம் ஆள் அதைத் திருப்பி ஓடுவது. அது ரத்தானதும் பந்து நம் கையில்தான் இருந்தது. ஒரு ஃபீல்டு கோல் போதும். நிமிடத்துக்கு மேல் நேரமும் இருந்தது. அங்கிருந்து என்ன செய்தோம்?

செல்வி_டெமாய்ன்:
ஹில் எறிஞ்சதை அவங்க பிடிச்சுட்டாங்க, இன்டர்செப்ஷன். அதை ஏன் கிளறுறீங்க.

குழப்பவாதி:
எனக்கு ஒண்ணு புரியல. இவ்வளவு கத்துற நீங்க யாருமே கிர்க்கை மாத்தணும்னு சொல்லலையே?

செல்வி_டெமாய்ன்:
2024 சீசன் முடிவுல அயோவாவோட கிர்க்குக்கு 204 வெற்றி தம்பி. பிக் டென்ல ஒஹையோ ஸ்டேட்டோட பழைய கோச் உட்டி ஹேய்ஸோட சாதனைக்குச் சமமாக அப்போ ஒண்ணுதான் குறைச்சல். இங்க பெரிய நகரம் கிடையாது, கையைக் காட்டினா வந்து சேர்ற ஆட்டக்காரங்களும் கிடையாது. வருஷா வருஷம் 8, 9, 10 வெற்றி கொண்டு வர்ற ஆளை அனுப்பிட்டு யாரைக் கூட்டிட்டு வர்றது? நெப்ராஸ்கா 2003ல 9 வெற்றி எடுத்த ஃப்ராங்க் சோலிச்சை அனுப்பிட்டு இன்னிக்கு வரைக்கும் தேடிக்கிட்டு இருக்கு. அந்தப் பயம் எங்க எல்லாருக்குமே உண்டு. எனக்கு அவர் மேல கோபம் ஒண்ணே ஒண்ணுதான்: வேற எவனாவது 2021, 2022ல அந்த ஆஃபன்ஸை நடத்தியிருந்தா 2023 வரைக்கும் விட்டு வெச்சிருப்பாரா?

பன்ட்டே துணை:
அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. பேச்சை மாத்துறேன். சவுத் டகோட்டா ஸ்டேட்ல இருந்து குவார்ட்டர்பேக் மார்க் க்ரோனவ்ஸ்கி வர்றாராம், பார்த்தீங்களா? ஒரு படி கீழே இருக்கிற எஃப்சிஎஸ் பிரிவுல ரெண்டு சாம்பியன்ஷிப்.

மூன்றாவது டவுன்:
பார்த்தேன். 2022 முதல் ஆட்டத்தில் அதே அணியை நாம் 7–3 என்று வென்றோம், ஒரு ஃபீல்டு கோல், இரண்டு சேஃப்டி. டச் டவுனே கிடையாது. அன்று எதிர்ப்பக்கம் குவார்ட்டர்பேக் அவர்தான். நம் ஆஃபன்ஸை அவ்வளவு கிட்டத்தில் நின்று பார்த்த பிறகும் வருகிறார் என்றால், லெஸ்டர் அவரிடம் ஏதோ காட்டியிருக்க வேண்டும்.

சோளக்காட்டுக்காரன்:
2024 டேப்பைக் காட்டியிருப்பார். 2023-ஐக் காட்டியிருந்தால் க்ரோனவ்ஸ்கி பாதி வழியிலேயே பஸ்ஸைத் திருப்பியிருப்பார்.