மறு: 'சமொதெர்ஷாவியே' – தமிழ்க் கலைச்சொல் எது?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ருஷ்யப் பேரரசு குறித்த நம் கலைச்சொற் பட்டியலில், ஜார் மன்னர்களின் ஆட்சிமுறைக்கு ருஷ்ய மொழியில் வழங்கிய 'சமொதெர்ஷாவியே' என்ற இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் தமிழ் முடிவாகாமல் நிற்கிறது. எதேச்சாதிகாரம், சர்வாதிகாரம், தனியாட்சி, தனிக்கோன்மை என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. அனைத்து மடல்களையும் மறுபடி படித்தேன். நான்கில் எதுவும் நிறைவாக இல்லை என்பதால் ஐந்தாவதாக ஒன்றை முன்வைக்கிறேன்: தற்கோன்மை. ஏன் என்பதைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க. கீழே வரும் 1918க்கு முந்தைய தேதிகள் ருஷ்யாவில் அப்போது வழங்கிய பழைய நாட்காட்டிப்படி அமைந்தவை.

> எதேச்சாதிகாரம் என்பது வேரூன்றிவிட்ட சொல். ஜார் ஆட்சி என்றாலே அதுதான் நினைவுக்கு வரும். அதை ஏன் தொட வேண்டும்?

ஐயா, அந்தச் சொல்லை நானும் மதிக்கிறேன். மாஸ்கோவிலிருந்து வந்த தமிழ் மொழிபெயர்ப்புகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு அது கைப்பழக்கமான சொல். ஆனால் அதன் பொருள் என்ன? யதேச்சை, அதாவது விருப்பம் போனபடி, அதிகாரம் செலுத்துவது. அது ஒரு நடத்தையைக் குறிக்கிறது. ஒரு குமாஸ்தாகூடத் தன் மேசைக்கு இந்தப் பக்கம் எதேச்சாதிகாரியாக இருக்க முடியும். சமொதெர்ஷாவியே என்பதோ ஒரு பட்டம், ஒரு சட்டக் கோட்பாடு, நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஓர் அரசு தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்ட பெயர்.

இரண்டுக்கும் உள்ள இடைவெளி எங்கே கண்ணுக்குத் தெரிகிறது என்றால், சட்ட வாசகங்களை மொழிபெயர்க்க உட்காரும்போது. அரசியலறிஞர் ஸ்பெரான்ஸ்கியின் மேற்பார்வையில் தொகுக்கப்பட்டு 1832இல் வெளிவந்த பதினைந்து தொகுதிச் சட்டத் தொகுப்பின் அடிப்படைச் சட்டங்களில் முதல் பிரிவு, பேரரசரை 'சமொதெர்ஷாவியே உடைய, வரம்பற்ற முடியரசர்' என்கிறது. அவருடைய மேலான அதிகாரத்துக்கு அச்சத்தால் மட்டுமன்றி மனச்சான்றினாலும் கீழ்ப்படியும்படி கடவுளே கட்டளையிடுகிறார் என்றும் சேர்த்துச் சொல்கிறது. இங்கே இரண்டு அடைமொழிகள் அருகருகே நிற்பதைக் கவனியுங்கள். இப்போது 1906க்கு வாருங்கள். முந்தைய ஆண்டு நாடெங்கும் மூண்ட கிளர்ச்சிக்குப் பணிந்து, அக்டோபர் 17 அறிக்கையின் வழியாக ஒரு சட்டமன்றத்தை, தூமாவை, அளிப்பதாக இரண்டாம் நிக்கலாய் வாக்களித்திருந்தார். அதற்கேற்ப அடிப்படைச் சட்டங்களைத் திருத்த, 1906 ஏப்ரலில் ஜார்ஸ்கொயே செலோ அரண்மனையில் அவரே தலைமை தாங்கிய கூட்டத்தில் பெரிய வாதம் எழுந்தது. வாதம் ஒரே ஒரு சொல்லைப் பற்றியது: 'வரம்பற்ற' என்பதை நீக்குவதா, வைப்பதா? ஜார் தயங்கினார், முன்னோர்களிடமிருந்து பெற்ற அதிகாரத்தின் எல்லையை மாற்றத் தனக்கு உரிமை உண்டா என்று அவர் மனம் உறுத்தியது. முடிவில் அந்தச் சொல் நீக்கப்பட்டது. ஏப்ரல் 23ஆம் நாள் வெளியான சட்டத்தின் நான்காம் பிரிவு, பேரரசருக்கு 'மேலான சமொதெர்ஷாவிய அதிகாரம்' உண்டு என்று மட்டும் சொல்கிறது.

ஆக, 'வரம்பற்ற' போயிற்று, 'சமொதெர்ஷாவிய' நின்றது. எதேச்சாதிகாரம் என்று நாம் எழுதினால் 1832இன் வாசகம் கூறியது கூறலாகிவிடும். 1906இன் வாசகம் பொருளற்றுப் போகும். விருப்பம் போனபடி செலுத்தும் அதிகாரத்திலிருந்து வரம்பின்மையைக் கழித்தால் மிஞ்சுவது என்ன? நமக்கு வேண்டியது 'வரம்பற்ற' என்பதோடு சேர்ந்தும் நிற்கக்கூடிய, அது விலகிய பின் தனித்தும் நிற்கக்கூடிய சொல். இதையே முதன்மையான உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

சர்வாதிகாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது பாட்டாளி வர்க்கத்தோடும் இருபதாம் நூற்றாண்டுத் தலைவர்களோடும் ஒட்டிப்போன சொல். ஸ்டாலின் காலத்தைப் பற்றி எழுதும்போது அதற்கு வேலை இருக்கிறது. ஏகாதிபத்தியம் என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் 'ஒருவரே தலைமை' என்ற பொருள் கிடைக்கும். நமக்கு அருகில் வரக்கூடிய சொல்தான். ஆனால் அது வேறு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் பல காலம் ஆயிற்று. இனித் திருப்பி அழைக்க முடியாது.

> தனிக்கோன்மை என்பது செங்கோன்மை, கொடுங்கோன்மை இரண்டுக்கும் இடையில் நடுநிலையாக நிற்கும். இதைவிடப் பொருத்தம் வேறு என்ன?

அம்மா, நீங்கள் 'கோன்மை'யை எடுத்துத் தந்தது இந்த விவாதத்துக்குக் கிடைத்த பெரிய கொடை. திருக்குறளில் அடுத்தடுத்த அதிகாரங்களாக நிற்கும் அந்த இரண்டு சொற்களும் அரசனின் ஆட்சியை எடைபோடுபவை. ஆட்சியின் அமைப்பை மட்டும் சொல்லும் மூன்றாவது ஒன்றை அதே வார்ப்பில் செய்யலாம் என்பதை உங்கள் மடலில்தான் கற்றேன். என் தயக்கமெல்லாம் 'தனி' என்ற அடையில்தான்.

முதலாவது, தனி என்பது எண்ணிக்கையைச் சொல்கிறது. ஒருவரே ஆள்வது என்று பொருள்படும். ஆனால் 1682 ஜூன் 25 அன்று மாஸ்கோவில் இரண்டு ஜார்களுக்கு ஒரே நேரத்தில் முடிசூட்டினார்கள். பதினைந்து வயது இவானும் அவருடைய மாற்றாந்தாய் மகனான பத்து வயது பியோத்தரும் அருகருகே அமர்வதற்கென்று செய்த வெள்ளி இரட்டை அரியணை இன்றும் கிரெம்ளின் ஆயுதக் காட்சிச்சாலையில் இருக்கிறது. அதன் முதுகுப்புறத்தில் ஒரு திறப்பு உண்டு. திரைக்குப் பின்னால் இருந்து சிறுவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொடுக்க அது பயன்பட்டது என்பர். பரம்பரை மணிமுடி ஒன்றே ஒன்றுதான் இருந்ததால் இளையவருக்கு அதேபோல் இன்னொன்று செய்தார்கள். இருவருமே ஆவணங்களில் சமொதெர்ஷெத்ஸ்தான், அதாவது சமொதெர்ஷாவியே உடையவர். 1686 முதல் அவர்களுடைய அக்காள் சோஃபியாவும் அதே பட்டத்தைச் சேர்த்துக்கொண்டார். மூவர் ஏககாலத்தில் தாங்கிய பட்டத்தை 'தனி' என்று எப்படி எழுதுவது?

இரண்டாவது, தனிநாடு, தனித்தமிழ், தனியார் என்று 'பிரிந்த' என்ற பொருளும் 'தனி'க்கு உண்டு. தனியாட்சி என்ற பரிந்துரை என்னைப் பொறுத்தவரை இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது. வாசகர் அதைப் பிரிவினை என்று படிப்பார்.

ருஷ்யச் சொல்லின் உறுப்புகளைப் பிரித்துப் பார்ப்போம். 'சமொ' என்றால் தான், தன். 'தெர்ஷாத்' என்றால் பிடித்திருத்தல், வைத்திருத்தல். ஜார் முடிசூடும்போது கையில் ஏந்தும் பொற்கோளத்துக்கும் வல்லரசுக்கும் 'தெர்ஷாவா' என்ற ஒரே பெயர். பைசாந்தியப் பேரரசர்களின் 'அவ்டோக்ரடோர்' என்ற கிரேக்கப் பட்டத்தை உறுப்புக்கு உறுப்பு பெயர்த்துக்கொண்டதே இந்தச் சொல். மாஸ்கோவின் பெருங்கோமகன் மூன்றாம் இவான், கடைசி பைசாந்தியப் பேரரசரின் தம்பி மகளை 1472இல் மணந்தவர். 1480இல் உக்ரா ஆற்றின் எதிரெதிர்க் கரைகளில் அவருடைய படையும் தார்த்தாரியத் தலைவர் அஹ்மத் கானின் படையும் வாரக்கணக்கில் நின்று, கான் போரிடாமலே திரும்பிய பிறகு, தார்த்தாரியருக்கு இனித் திறை இல்லை என்பது உறுதியாயிற்று. சமொதெர்ஷெத்ஸ் என்ற பட்டத்துக்கு அவர் காலத்தில் இருந்த முதற்பொருள் இதுதான் என்று வரலாற்றாசிரியர் கிளுச்சேவ்ஸ்கி வலியுறுத்தினார்: வெளியாள் எவருக்கும் கீழ்ப்படாதவர், தன் நாட்டைத் தன்னுரிமையாக வைத்திருப்பவர். குடிகளை எப்படி நடத்துகிறார் என்பது அந்தப் பொருளுக்குள் இல்லை.

அது உள்ளே வந்தது நான்காம் இவான் காலத்தில். 1564இல் லித்துவேனியாவுக்குத் தப்பியோடிய படைத்தலைவர் கூர்ப்ஸ்கிக்கு அவர் எழுதிய பதிலில், ருஷ்ய ஆட்சியாளர்கள் தொடக்கம் முதலே தங்கள் நாடுகளைத் தாங்களே ஆண்டார்கள், பிரபுக்கள் அல்லர் என்கிறார். தன் அடிமைகளுக்குப் பரிசளிக்கவும் தண்டனை கொடுக்கவும் தனக்கு முழு உரிமை உண்டு என்கிறார். வெளியே எவருக்கும் கட்டுப்படாதவர் என்றிருந்த பொருள், உள்ளேயும் எவருக்கும் கட்டுப்படாதவர் என்று திரும்பிவிட்டது. முதலாம் பியோத்தரின் 1716ஆம் ஆண்டுப் படைச்சட்டம் அதை ஒரே வாசகத்தில் இறுக்கியது: மன்னர் தம் செயல்களுக்காக உலகில் எவருக்கும் விடையளிக்கக் கடமைப்பட்டவர் அல்லர்.

இரண்டு பொருளுக்கும் பொதுவான இழை 'தன்'தான். அதிகாரம் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அது எங்கிருந்து வருகிறது என்பதை இந்தச் சொல் பேசுகிறது. கானிடமிருந்தோ பிரபுக்களிடமிருந்தோ மக்களிடமிருந்தோ அது வரவில்லை. எனவே தன் + கோன்மை = தற்கோன்மை. தற்காப்பு, தற்சார்பு போன்ற அதே புணர்ச்சி. 'தன்னாட்சி' என்றே வைத்திருக்கலாம், சொல்லுக்குச் சொல் அதுவே நேரானது. ஆனால் அது நேர்மாறான பொருளுக்குப் போய்விட்டது. 1809 முதல் ருஷ்யப் பேரரசுக்குள் இருந்த பின்லாந்தின் தன்னாட்சியை 1899ஆம் ஆண்டு பிப்ரவரி அறிக்கை எப்படி நெரித்தது என்று எழுதும் அதே பத்தியில் நமக்கு இரண்டு சொற்களும் தேவைப்படும்.

> இப்படி நடுநிலைச் சொல் தேடுவது கொடுமையை வெள்ளையடிப்பதாகாதா? பாரதி கொடுங்கோலன் என்றுதானே பாடினார்?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பாரதியின் சொல் கவிஞனின் தீர்ப்பு. அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற நான் ஒப்பமாட்டேன். ஆனால் தீர்ப்புச் சொல்லும் சொல்லைக் கொண்டு வரலாற்றை மொழிபெயர்த்தால் நடந்ததே விளங்காமல் போகும் இடங்கள் உண்டு. 1730ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இளம் பேரரசர் இரண்டாம் பியோத்தர் அம்மை கண்டு, தம் திருமணத்துக்குக் குறித்த நாளிலேயே இறந்தார். எட்டுப் பேர் கொண்ட மேல் அந்தரங்க மன்றத்தினர், மித்தாவில் கைம்பெண்ணாக வாழ்ந்த கூர்லாந்துக் கோமகள் ஆன்னாவுக்கு முடியைத் தர முன்வந்து, கூடவே ஒரு நிபந்தனைத் தாளையும் அனுப்பினார்கள். மன்றத்தின் ஒப்புதலின்றிப் போர் தொடுக்கக் கூடாது, புதுவரி போடக் கூடாது, விசாரணையின்றிப் பிரபுக்களின் உயிரையும் உடைமையையும் பறிக்கக் கூடாது, திருமணமோ வாரிசு நியமனமோ கூடாது. மீறினால் முடி பறிபோகும். ஆன்னா கையெழுத்திட்டார். பிப்ரவரி 25 அன்று மாஸ்கோவில், எட்டுப் பேரின் ஆட்சியை விரும்பாத பிரபுக்களும் காவற்படை அதிகாரிகளும் திரண்டு, முன்னோரைப் போலவே சமொதெர்ஷாவியேவை ஏற்றருள வேண்டும் என்று விண்ணப்பம் கொடுத்தார்கள். அவர் அந்தத் தாளை வரவழைத்து எல்லார் முன்னிலையிலும் கிழித்தார். கிழிபட்ட அந்தத் தாள் ஆவணக் காப்பகத்தில் இன்னும் இருக்கிறது. 'கொடுங்கோன்மையை ஏற்றருள்க' என்றோ 'எதேச்சாதிகாரம் செய்க' என்றோ அவர்கள் வேண்டினார்கள் என்று எழுதினால் வாசகர் குழம்புவார். எட்டு எஜமானர்களைவிட ஒரே எஜமானர் மேல் என்று கணக்குப் போட்டவர்கள் அவர்கள். அந்தக் கணக்கு நூற்றாண்டுகளுக்கு நாட்டையே கட்டிப்போட்டது.

அமைப்பைச் சரியாகப் பெயரிட்டால் கொடுமை மறையாது. அது எந்த வழியாக வந்தது என்று தெரியும். உக்ரேனியக் கவி தராஸ் ஷெவ்சென்கோ 1814இல் பண்ணையடிமையாகப் பிறந்தவர். 1838இல் 2500 ரூபிள் கொடுத்து அவரை மீட்டார்கள். தாம் எழுதிய பாடல்களுக்காக அவர் 1847இல் கைதாகி, சாதாரணப் படைவீரராக ஓரன்பூர்க் எல்லைப் படைக்கு அனுப்ப முடிவாயிற்று. அந்த முடிவு எழுதிய தாளின் ஓரத்தில் முதலாம் நிக்கலாய் தம் கையால் ஒரு வரி சேர்த்தார்: கடுமையான கண்காணிப்பில் வைக்க வேண்டும், எழுதவும் வரையவும் தடை. கவிஞராகவும் ஓவியராகவும் இருந்த ஒருவருக்கு! நீதிமன்றமில்லை, மேல்முறையீடில்லை. பத்தாண்டுகள். தற்கோன்மை என்றால் என்ன என்று என்னிடம் எவராவது கேட்டால், அந்த ஓரத்து வரியைத்தான் காட்டுவேன். மொழிக்காகக் கூடியிருக்கும் நமக்கு, 1876இல் எம்ஸ் நகரிலிருந்து இரண்டாம் அலெக்சாண்டர் பிறப்பித்த ஆணை உக்ரேனிய மொழியில் நூல் அச்சிடுவதை ஏறத்தாழ முழுதுமாகத் தடுத்தது என்பதும் நினைவிருக்க வேண்டும்.

1906இல் விட்டுவைத்த அந்தச் சொல் வெறும் அலங்காரமாகவும் இருந்துவிடவில்லை. 1907 ஜூன் 3 அன்று இரண்டாம் தூமாவைக் கலைத்த இரண்டாம் நிக்கலாய், தூமாவின் இசைவின்றி மாற்றக் கூடாது என்று தம் சட்டமே சொன்ன தேர்தல் சட்டத்தையும் மாற்றினார். மக்கள் மீதான அதிகாரத்தைக் கடவுளே தமக்குத் தந்தார், அவர் அரியணையின் முன்னேதான் தாம் விடையளிப்போம் என்பது அவர் காட்டிய காரணம். 1917 மார்ச் 2 அன்று ப்ஸ்கோவில் ரயில் பெட்டியில் முடிதுறந்தபோதும் மகன் அலெக்ஸேயைத் தவிர்த்துத் தம்பி மிஹயீலுக்கு எழுதிக்கொடுத்தார். 1797ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. 1897 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம் தொழில் 'ருஷ்ய மண்ணின் உரிமையாளர்' என்று எழுதியவர், அந்த உரிமையாளராகவே வெளியேறினார்.

பட்டியலுக்கு என் பரிந்துரைகள்: கோட்பாட்டுக்குத் தற்கோன்மை, மூன்றாம் இவான் முதலியோரின் பட்டத்துக்குத் தற்கோன். பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதியைப் பெண்களே ஆண்டிருப்பதால், அவர்களுக்கு 'தற்கோன்மைப் பேரரசி' என்று எழுதலாம். 'கோன்' ஆண்பாலில் நிற்பது இந்தச் சொல்லின் குறைதான், இதைவிட நல்ல வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 1832இன் இணைச்சொல்லுக்கு 'வரம்பற்ற முடியாட்சி' போதும். எதேச்சாதிகாரம் பொது வழக்கில் இப்போதுள்ள பொருளிலேயே இருக்கட்டும்.

மாற்றுச் சொல் முன்வைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். 1832இன் முதல் பிரிவையும் 1906இன் நான்காம் பிரிவையும் தங்கள் சொல்லால் தமிழில் எழுதி, இரண்டையும் அடுத்தடுத்து வைத்து அனுப்புங்கள். இரண்டிலும் பொருந்தி வந்தால் என் பரிந்துரையை மனநிறைவோடு விலக்கிக்கொள்கிறேன்.

அன்புடன்.