அமெரிக்க மத்திய மேற்கில் 10 ஏக்கர்: மிசூரியா, விஸ்கான்சினா?

ஈசூன்_தோட்டம்:
வணக்கம். நான் தாதி, சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். வீட்டுக்காரருக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். இன்னும் இந்தியக் குடியுரிமைதான். மகனுக்கு 9 வயது. தேசியப் பூங்காக் கழகத்திடம் வாடகைக்கு எடுத்த பாத்தியில், 2.5 மீட்டருக்கு 1 மீட்டர், கீரையும் கத்திரியும் போடுகிறேன். எனக்கு அது போதவில்லை. ஆடு, கோழி, சொந்தக் கிணறு, நாங்களே வெட்டிய விறகு என்று வாழ வேண்டும். ஊரில் வாங்கலாமே என்பார்கள். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரோ, என்னைப் போன்ற வெளிநாட்டுக் குடிமக்களோ இந்தியாவில் விளைநிலத்தை விலைக்கு வாங்கச் சட்டம் விடாது.

அமெரிக்கத் தாதியர் தேர்வில் தேறிவிட்டேன். கிராமத்து மருத்துவமனைச் சம்பளத்தில் வீடு ஓடும், நிலம் சாப்பாடு போடும், இதுதான் திட்டம். வீட்டுக்காரர் அயோவா கரிசல் மண்ணைத்தான் சொல்கிறார். எனக்கு மிசூரி, விஸ்கான்சின் மேல் ஆசை. நிலத்தை இப்போதே வாங்கிப் போட்டுவிட்டு, விசா வந்ததும் போகலாமா? 1862 சட்டப்படி 160 ஏக்கர் இலவசமாகக் கொடுத்தார்களே, அது இன்னும் உண்டா?

ஓசார்க்_மலையான்:
அக்கா, இலவச நிலம் 1976லேயே முடிந்தது; அலாஸ்காவில் மட்டும் 1986 வரை இருந்தது. நான் மிசூரியின் தெற்கில், ஓசார்க் மலைப்பக்கம் இருக்கிறேன். இங்கே கிராமப்புறக் கவுன்டிகள் (மாவட்டம் மாதிரி) பலவற்றில் கட்டட விதிமுறையே இல்லை. கொட்டகையோ வீடோ நீங்களே கட்டிக்கொள்ளலாம்.

மண்தான் சோதிக்கும். கடப்பாரை போட்டால் கல்லில் இடிக்கும். அடியில் சுண்ணாம்புப் பாறை, குகையும் பிளவுமாக. மேட்டு வீட்டுக் கழிவுநீர் மண்ணில் வடிகட்டாமலே உங்கள் கிணற்றில் சேர வாய்ப்புண்டு. தண்ணீரைச் சோதிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கோடை வெயிலில் வெண்டை, தட்டைப்பயறு, பாகல் எல்லாம் அள்ளிக் கொடுக்கும். கறிவேப்பிலை மட்டும் தொட்டியில், அக்டோபரில் வீட்டுக்குள் தூக்க வேண்டும். இன்னொன்று, லோன் ஸ்டார் உண்ணி. அது கடித்துச் சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி ஒவ்வாமல் போகிறது, சிலருக்குப் பாலும்கூட. ஆடு வளர்க்க வருகிறவர் இதை யோசித்தே ஆக வேண்டும்.

தேக்கா_பெரியவர்:
அம்மா, மண்ணைப் பார்க்கும் முன் சட்டத்தைப் பார். அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவருக்கு அயோவா பண்ணை நிலத்தை விடாது. மினசோட்டா குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான் கொடுக்கிறது. மிசூரியில் வெளிநாட்டார் கையில் மொத்தப் பண்ணை நிலத்தில் 1 விழுக்காடுதான் இருக்கலாம். அதற்கும் மாநில வேளாண்மைத் துறை ஒப்புதல் தர வேண்டும். விஸ்கான்சின் 640 ஏக்கர் வரை விடுகிறது. ஆனால் வாங்கிய 90 நாளுக்குள் மத்திய அரசுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். நிலம் இருப்பதால் விசாவும் வராது. அதனால் வேலை, பச்சை அட்டை (நிரந்தரவாசி உரிமை), நிலம் என்ற வரிசையில் போ.

அந்த அட்டைக்குப் பிறந்த நாடுதான் கணக்கு. விண்ணப்பம் உன் பெயரில் போகட்டும். நீ சிங்கப்பூரில் பிறந்ததால் இந்திய வரிசையில் காத்திருக்க வேண்டாம், கணவரும் உன் கணக்கிலேயே வருவார். பையன் சிங்கப்பூர்க் குடிமகன் என்றால் தேசிய சேவையை, அதாவது கட்டாய ராணுவச் சேவையை, மறக்காதே. 13 வயதிலிருந்தே நெடுநாள் வெளிநாட்டில் இருக்க அரசிடம் வெளிநாடு செல்லும் அனுமதி வாங்க வேண்டும். அவனுடைய வாழ்க்கை அது. இப்போதே அவனிடம் பேசுங்கள்.

கிக்கப்பூ_கரை:
தங்கச்சி, நானும் தாதிதான். விஸ்கான்சின் தென்மேற்கில், வெர்னான் கவுன்டியில் இருக்கிறேன். பனிப்பாறைகள் மழுக்காமல் விட்டுப்போன பகுதி இது, மேடும் பள்ளத்தாக்கும் ஊற்றுமாக. அயோவா மண்ணுக்கு ஈடில்லைதான். ஆனால் அது மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் விலைபேசிய மண். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் 2024 கணக்கெடுப்பில் ஓர் ஏக்கர் சராசரி 11,467 டாலர்.

இங்கே சின்னப் பண்ணைக்காரர்களுக்குத் துணை உண்டு. லா ஃபார்ஜ் ஊரில் 1988இல் விவசாயிகள் தொடங்கிய ஆர்கானிக் வேலி கூட்டுறவு இன்றும் நடக்கிறது. பழைய முறையில் பண்ணை செய்து வாழும் ஆமிஷ் என்ற கிறித்தவக் குடும்பங்கள் சுற்றிலும்; வேலி போட, ஆடு பிரசவத்துக்கு, கேட்டால் சொல்லித் தருவார்கள். எனக்கு அதுதான் பெரிது. தனியாக 10 ஏக்கரில் யாராலும் எல்லாம் செய்துகொள்ள முடியாது.

குளிரைச் சும்மா சொல்லக் கூடாது. சில இரவுகளில் உறைநிலைக்குக் கீழே 30 டிகிரி. ஆட்டுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 கிலோ உலர்புல். 5 மாதத்துக்குச் சேர்த்து வைக்க வேண்டும். வீட்டு வரி மிசூரியைவிட அதிகம். காய்ச்சாத பாலை விற்கவும் இங்கே சட்டம் இடம் கொடுக்காது. பள்ளத்தாக்கின் அடியில் வாங்காதே: 2018 ஆகஸ்ட் மழையில் கூன் கிரீக் ஓடைப் பக்கம் அணைகளே உடைந்தன.

ஈசூன்_தோட்டம்:
ஐயா, அக்கா, தம்பி, மனமார்ந்த நன்றி. நிலம் வாங்குவதைத் தள்ளிவைக்கிறோம். விஸ்கான்சின் மேற்கில் மட்டும் வேலை பார்க்கச் சொல்லி முகவருக்கு எழுதிவிட்டேன். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று அக்கா சொன்னதில் வீட்டுக்காரரும் இறங்கிவந்தார். இடம் பார்க்க எந்த மாதம் வரலாம்?

கிக்கப்பூ_கரை:
மார்ச் கடைசியில் வா. பனி உருகும்போதுதான் எந்தப் பாதை சேறாகிறது, நிலவறையில் எங்கே நீர் கசிகிறது என்று தெரியும். கோடையில் எல்லா இடமும் பச்சையாக அழகாகத்தான் இருக்கும். விறகடுப்பின் புகைக்குழாயைத் திறந்து காட்டச் சொல். வரும்போது என் வீட்டில் தங்கிக்கொள்.